கம்பெனி ரெண்டு, பள்ளம் ஒண்ணு

கனகம்மாசத்திரம் பெரிய ஊர் இல்லை. திருவள்ளூரிலிருந்து திருத்தணிக்கும் திருப்பதிக்கும் சாலை வழியே போகிறவர்கள் பெரும்பாலும் இதைக் கடந்து போகிறார்கள். திருவாலங்காடு வழியாகத் தக்கோலம் போகும் சாலையும் இங்கேதான் பிரிகிறது. ஆடிக் கிருத்திகைக்கு முன்தினம் சாலையோரம் அரை மணி நேரம் நின்று பாருங்கள். காவடி தூக்கி நடந்து வருகிறவர்கள், வேனில் வருகிறவர்கள், கூட்டம் பிதுங்கும் அரசுப் பேருந்துகள் என்று போய்க்கொண்டே இருக்கும். அவர்களில் அநேகம் பேருக்குக் கனகம்மாசத்திரத்தில் எந்த வேலையும் இல்லை, கண்ணெல்லாம் திருத்தணி மலைமேல். ஆனால் அன்றைக்கு இந்த முனையில் ஒரு லாரி குறுக்கே படுத்துவிட்டால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

வழிப்போக்கர் அதிகம் கடக்கும் இடம் பார்த்துத்தான் அந்தக் காலத்தில் சத்திரம் கட்டினார்கள். எந்த ஊர் பெரியது என்பது ஒரு கணக்கு. எந்த இடத்தைக் கடக்காமல் போக முடியாது என்பது வேறு கணக்கு. இந்த இரண்டாவது கணக்கை இணையத்துக்குப் போடத் தெரிந்தவர்களுக்கு இன்று வேலை இருக்கிறது. பொறியியலோ பாலிடெக்னிக்கோ பி.சி.ஏ.வோ முடித்துவிட்டு, 'கோடிங்கைத் தவிர வேறு என்ன இருக்கிறது?' என்று கேட்கும் நம் திருவள்ளூர் மாவட்டத்துப் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். படிப்புச் செலவு குறைவு. தேவையான தரவு முழுக்க இலவசம். வேண்டியது ஒரு சாதாரண மடிக்கணினியும் ஆறு மாதப் பிடிவாதமும்.

பர்மிட் இருந்தால்தான் பஸ் போகும்

இணையம் ஒரே வலை இல்லை. எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட தனித்தனி வலையமைப்புகள் கைகோத்து நிற்கும் கூட்டம் அது. ஒவ்வொன்றும் தன் எல்லைக்குள் தானே ராஜா என்பதால் தன்னாட்சி அமைப்பு, சுருக்கமாக ஏ.எஸ். என்று பெயர். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. பி.எஸ்.என்.எல். 9829, ஏர்டெல் 9498, ஜியோ 55836, டாடா கம்யூனிகேஷன்ஸின் உள்நாட்டு வலை 4755. இந்த எண்களை மனப்பாடம் செய்ய வேண்டாம். வேலைக்குப் போன மூன்றாம் மாதம் தானாக நாக்கில் ஏறிவிடும்.

இவை ஒன்றுக்கொன்று 'இந்த முகவரிகளுக்கு என் வழியாகப் போகலாம்' என்று சொல்லிக்கொள்ளும் மொழிதான் பி.ஜி.பி. 1989-இல் யாகோவ் ரெக்டரும் கிர்க் லோஹீடும் சாப்பாட்டு மேசையில் காகிதக் கைத்துண்டுகளில் வரைந்து தொடங்கியது. இன்றுவரை உலகம் அதன்மேல்தான் ஓடுகிறது.

புதிதாகப் படிக்க வருகிறவர்கள் இங்கேதான் முதல் தவறு செய்கிறார்கள். இணையத்தில் பாக்கெட் மிகக் குறுகிய வழியில் போகும் என்று நம்புகிறார்கள். திருத்தணி பேருந்து நிலையத்தில் ஒரு நாள் உட்கார்ந்து பார்த்தவர்கள் அப்படி நம்பமாட்டார்கள். தமிழ்நாட்டுப் பேருந்து நகரி, புத்தூர் தாண்டித் திருப்பதிக்குப் போகிறதென்றால் இரு மாநிலங்களுக்கும் இடையே ஒப்பந்தம் இருக்கிறது என்று பொருள். பக்கத்து ஊர் நாலே கிலோமீட்டர்தான் என்றாலும் பர்மிட் இல்லையென்றால் வண்டி போகாது. இணையமும் அப்படியே. யார் யாருக்குக் காசு கொடுக்கிறார்கள் என்பதுதான் வழியைத் தீர்மானிக்கிறது. ஒருவர் வாடிக்கையாளர், ஒருவர் அவருக்கு மேலே இருக்கும் அப்ஸ்ட்ரீம், இன்னும் சிலர் காசில்லாமல் பரிமாறிக்கொள்ளும் பியர்கள். வெளியே தெரியும் வழிகளை வைத்தே இந்த உறவுகளை ஊகிக்க முடியும் என்று லிக்ஸின் காவ் 2001-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. இந்தத் துறையில் நீங்கள் முழுதாகப் படிக்க வேண்டிய முதல் கட்டுரை அது.

உறவு தெரியாமல் வரைந்த வரைபடம் பொய் சொல்லும். 2015 மார்ச் 12 அன்று நடந்ததைப் பாருங்கள். கூகுளோடு நேரடியாகப் பியரிங் வைத்திருந்த ஹாத்வே, அந்த வழிகளைத் தன் அப்ஸ்ட்ரீமான ஏர்டெல்லுக்குத் தவறுதலாகச் சொல்லிவிட்டது. ஏர்டெல் அதை நம்பி உலகத்துக்குச் சொன்னது. கூகுளுக்குப் போக வேண்டிய வெளிநாட்டுப் போக்குவரத்தில் ஒரு பகுதி இந்தியாவுக்குள் இருந்த ஒரு பிராட்பேண்ட் நிறுவனத்தின் பக்கம் திரும்பியது. கிராமத்துத் தார்ச்சாலைக்குள் நெடுஞ்சாலையைத் திருப்பிவிட்டதுபோல. இதற்கு ரூட் லீக் என்று பெயர்.

இன்னொரு வகைத் தவறும் உண்டு. தன்னுடையதல்லாத முகவரிகளைத் தன்னுடையது என்று அறிவிப்பது. 2008 பிப்ரவரி 24 அன்று தன் நாட்டுக்குள் யூடியூபைத் தடுக்க பாகிஸ்தான் டெலிகாம் செய்த அறிவிப்பு வெளியே கசிந்து, உலகெங்கும் சுமார் இரண்டு மணி நேரம் யூடியூப் முடங்கியது. 2015 நவம்பர் 6 அன்று ஏர்டெல்லின் 9498 எண்ணிலிருந்து 16,000-க்கும் மேற்பட்ட பிறர் முகவரித் தொகுதிகள் அறிவிக்கப்பட்டன. 2021 ஏப்ரல் 16 அன்று வோடஃபோன் ஐடியாவின் 55410 எண்ணிலிருந்து 30,000-க்கும் மேல்.

நேர்முகத் தேர்வில் இந்த இரண்டு வகைக்கும் வேறுபாடு கேட்பார்கள். இரண்டாவது வகையைப் பெருமளவு தடுக்க ஆர்.பி.கே.ஐ. என்ற சான்று முறை இருக்கிறது. முகவரிக்குச் சொந்தக்காரர் யார் என்று கையெழுத்திட்டுப் பதிவு செய்துவிட்டால், பொய்யான அறிவிப்பை மற்ற ரவுட்டர்கள் தள்ளிவிடலாம். முதல் வகைக்கு இது போதாது. ஹாத்வே சம்பவத்தில் முகவரி கூகுளுடையதாகவே இருந்தது, போன வழிதான் கோணல். இந்த ஒரு வேறுபாட்டைத் தெளிவாகச் சொல்லத் தெரிந்தாலே எதிரே உட்கார்ந்திருப்பவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவார்.

கணக்குப் போடும் முறை

அடிப்படை முதலில். லினக்ஸ், கொஞ்சம் பைத்தான், ஐ.பி. முகவரிக் கணக்கு, சி.சி.என்.ஏ. அளவுக்கு ரவுட்டிங். சான்றிதழ் வாங்கினால் நல்லது. வாங்கக் காசில்லையென்றால் பாடத்திட்டத்தை மட்டும் எடுத்துப் படியுங்கள். என்.பி.டெல். தளத்தில் ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் வலையமைப்புப் பாடங்கள் இலவசம். ஆசிய பசிபிக் பகுதிக்கு முகவரிகளை வழங்கும் ஏபினிக் அமைப்பு தன் அகாடமியில் பி.ஜி.பி., ஆர்.பி.கே.ஐ. பாடங்களையும் உலாவியிலேயே செய்து பார்க்கும் லேப்களையும் இலவசமாகத் தருகிறது. ஆயிரக்கணக்கில் கட்டணம் கேட்கும் பயிற்சி நிலையத்தில் சேரும் முன் அதை முடித்துவிடுங்கள். முடித்த பிறகு அங்கே சேரத் தேவையிருக்கிறதா என்று உங்களுக்கே தெரியும்.

அடுத்து, எஃப்.ஆர்.ஆர். என்ற திறந்த மென்பொருளை மடிக்கணினியில் நிறுவி ஆறு ஏ.எஸ்.களைக் கட்டுங்கள். இரண்டு அப்ஸ்ட்ரீம், ஒரு பியர், மூன்று வாடிக்கையாளர். வேண்டுமென்றே ஒரு லீக் செய்து பாருங்கள். கையால் ஒருமுறை தப்பு செய்தவர் பிறகு வாழ்நாளெல்லாம் ஃபில்டர் எழுத மறக்கமாட்டார்.

அதன் பிறகு உண்மையான தரவுக்கு வாருங்கள். அமெரிக்காவின் ஒரிகன் பல்கலைக்கழகம் ரூட்வியூஸ் என்ற திட்டத்தையும், ஐரோப்பாவின் ரைப் அமைப்பு ரிஸ் என்ற திட்டத்தையும் 1990-களின் பிற்பாதியிலிருந்து நடத்துகின்றன. உலகின் பல மூலைகளில் இருக்கும் ரவுட்டர்கள் சொல்லும் வழிகளைச் சேமித்து யாரும் எடுத்துக்கொள்ளும்படி வைத்திருக்கிறார்கள். சான் டியாகோவில் உள்ள கைடா ஆய்வு மையம் இவற்றிலிருந்து ஏ.எஸ். உறவுப் பட்டியலைத் தயாரித்துத் தருகிறது. எந்த எண் எந்த நாட்டுக்கு ஒதுக்கப்பட்டது என்ற பட்டியலை ஏபினிக் அன்றாடம் வெளியிடுகிறது. அதிலிருந்து இந்திய எண்களை மட்டும் பிரித்தெடுங்கள். முழு உலகத்தையும் ஒரே நாளில் விழுங்கப் பார்க்காதீர்கள், எட்டு ஜி.பி. நினைவகம் உள்ள கணினி மூச்சுத் திணறும்.

பைத்தானில் நெட்வொர்க்எக்ஸ் என்ற தொகுப்பை வைத்து மூன்று கணக்குகள் போடுங்கள்.

ஒரு முனையிலிருந்து எத்தனை கோடுகள் புறப்படுகின்றன என்பது முதலாவது. எல்லோரும் இதோடு நின்றுவிடுகிறார்கள். இரண்டாவது, மற்ற இரு முனைகளுக்கு இடையேயான மிகக் குறுகிய வழிகளில் எத்தனை இதைக் கடக்கின்றன என்பது. லிண்டன் ஃப்ரீமேன் என்ற சமூகவியலாளர் 1977-இல் மனித உறவுகளை அளக்க இதற்கு வாய்ப்பாடு கொடுத்தார். இதை இடைமை என்று சொல்லலாம். கனகம்மாசத்திரத்தின் பலம் இந்தக் கணக்கில்தான் தெரியும். மூன்றாவதுதான் வெட்டுமுனை, அதாவது எடுத்துவிட்டால் வலை இரண்டாகப் பிளந்துவிடும் முனை. இடைமைக் கணக்கு பெரிய வலையில் மணிக்கணக்கில் ஓடும். சில நூறு முனைகளை மட்டும் மாதிரியாக எடுத்துத் தோராயமாகப் போடும் வசதி அந்தத் தொகுப்பிலேயே இருக்கிறது.

முனைக்குப் பதில் ஒரு கோடே இப்படி ஆகிவிடுவதற்கு நம் கண்ணெதிரே ஓர் உதாரணம் உண்டு. சென்னையிலிருந்து அந்தமானுக்குச் சுமார் 2,300 கிலோமீட்டர் நீளக் கடலடிக் கேபிள் 2020 ஆகஸ்ட் 10 அன்று திறக்கப்பட்டது. அதற்கு முன் தீவுகள் செயற்கைக்கோளை நம்பி இருந்தன. கேபிள் வந்து வேகம் கூடியதும், மக்களின் வாழ்க்கை முழுக்க அந்த ஒற்றைக் கோட்டின்மேல் ஏறி உட்கார்ந்துவிட்டது. பழைய செயற்கைக்கோள் வழியால் புதிய சுமையைத் தாங்க முடியுமா? இந்தக் கேள்வியைக் கேட்பதுதான் உங்கள் வேலை. வரைபடத்தில் மாற்று வழி இருந்தால் மட்டும் போதாது. சுமை முழுக்க அந்தப் பக்கம் திரும்பினால் அது தாங்குமா என்றும் பார்க்க வேண்டும்.

தாங்கிய கதையும் சென்னையிலேயே உண்டு. 2008 ஜனவரி 30 அன்று எகிப்தின் அலெக்சாண்டிரியா அருகே சீ-மீ-வீ 4, ஃபிளாக் என்ற இரண்டு பெரிய கேபிள்கள் ஒரே நாளில் அறுந்தன. ஐரோப்பாவுக்கு மும்பை வழியே மேற்கு நோக்கிப் போன இந்தியப் போக்குவரத்து பலமாக அடி வாங்கியது. பி.பி.ஓ. அலுவலகங்கள் தவித்தன. அப்போது கிழக்குப் பக்கம் கைகொடுத்தது. சென்னையையும் சிங்கப்பூரையும் இணைக்க 2000-களின் தொடக்கத்தில் போடப்பட்ட ஐ2ஐ, டி.ஐ.சி. கேபிள்கள் இருந்தன. கிழக்கே இடம் வைத்திருந்தவர்கள் போக்குவரத்தை அந்தப் பக்கம் திருப்பிச் சில நாட்களில் மீண்டார்கள். உலகத்தைச் சுற்றிக்கொண்டு போனதால் தாமதம் கூடியது. ஆனால் போய்ச் சேர்ந்தது. சென்னை ஒரு முக்கிய முனை என்று வாய்ப்பாட்டில் வருவதற்கும், அந்த வாரம் இரவுப் பணியில் இருந்தவர்கள் அதை உணர்ந்ததற்கும் இடையே உள்ள தூரத்தைத்தான் இந்தத் தொழிலில் நீங்கள் நடந்து கடக்க வேண்டும்.

வரைபடத்தில் இல்லாதது

ஆய்வுக் கட்டுரைகளில் ஒரு பழைய சண்டை இருக்கிறது. தெரிந்துகொண்டால் பயன்படும். 1999-இல் ஃபலூட்சோஸ் சகோதரர்கள் மூவர், இணையத்தில் மிகச் சில முனைகளுக்கு ஏராளமான இணைப்புகளும் பெரும்பாலானவற்றுக்கு ஓரிரண்டும் இருப்பதாகக் காட்டினார்கள். மறு ஆண்டு ஆல்பர்ட், ஜியோங், பராபாசி மூவரும் நேச்சர் இதழில் எழுதினார்கள்: இப்படிப்பட்ட வலை தற்செயலான பழுதைத் தாங்கும், பெரிய முனைகளைக் குறிவைத்து அடித்தால் சிதறும். பத்திரிகைகள் இதைக் கொண்டாடின. 2005-இல் டாயிலும் அவருடன் சேர்ந்தவர்களும் மறுத்தார்கள். ரவுட்டர் மட்டத்தில் அதிக இணைப்புகள் உள்ளவை விளிம்பில், வாடிக்கையாளர்களைச் சேர்த்துக்கட்டும் இடத்தில் இருக்கின்றன. நடுவில் இருப்பவை குறைந்த இணைப்புகளும் மிக அதிக வேகமும் கொண்டவை என்றார்கள். எனக்கு டாயில் சொன்னதுதான் சரியென்று படுகிறது, களத்தில் பார்த்ததும் அதுதான். தெருவில் இருநூறு வீட்டுக்கு ஒயர் இழுத்திருக்கும் பெட்டிக்கு இணைப்பு அதிகம். அது போனால் இருநூறு வீடு போகும், நாடு போகாது.

இரண்டாவது பொறி, கண்ணுக்குத் தெரியாத கோடுகள். ஐரோப்பாவின் ஒரே ஓர் இணையப் பரிமாற்ற மையத்தை உள்ளிருந்து ஆராய்ந்து 2012-இல் வெளிவந்த ஆய்வு, அங்கே மட்டும் 50,000-க்கும் மேற்பட்ட பியரிங் இணைப்புகள் இருப்பதாகச் சொன்னது. அவற்றில் பெரும்பகுதி பொதுத் தரவில் தெரியாது. நம் நாட்டில் நிக்ஸி என்ற பரிமாற்ற மையம் 2003-இல் தொடங்கப்பட்டது. அதற்கு முன், பக்கத்துத் தெருவில் வேறு நிறுவன இணைப்பு வைத்திருப்பவருக்கு நீங்கள் அனுப்பிய மின்னஞ்சல் அமெரிக்காவுக்குப் போய்த் திரும்பி வரக்கூடிய நிலை. இன்று சென்னையில் நிக்ஸியும் உண்டு, டி-சிக்ஸ் போன்ற தனியார் பரிமாற்ற மையங்களும் உண்டு. அங்கே யார் யாரோடு கைகோத்திருக்கிறார்கள் என்பதை அறிய பியரிங்டிபி என்ற பொதுப் பதிவேட்டையும் சேர்த்துப் பாருங்கள்.

மூன்றாவது பொறியை நான் பட்டுத்தான் கற்றேன். என் ஆரம்ப வருடங்களில் நெடுஞ்சாலையோரக் கிடங்கு ஒன்றுக்கு இணைப்புப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என்னுடையது. ஒன்று அறுந்தால் மற்றது இருக்கட்டும் என்று இரண்டு வெவ்வேறு நிறுவனங்களிடம் லைன் வாங்கினேன். அப்ஸ்ட்ரீமும் வேறு வேறு. பி.ஜி.பி. வரைபடத்தில் அழகான இரண்டு வழிகள். ஒரு மதியம் சாலை அகலப்படுத்த வந்த ஜே.சி.பி. ஒரே வீச்சில் இரண்டையும் அறுத்தது. ஸ்ப்ளைசிங் மெஷினோடு பள்ளத்தில் குந்தியிருந்த மூத்த லைன்மேனிடம் கேட்டேன்.

"அண்ணே, ரெண்டு கம்பெனிகிட்ட வாங்கினோமே, எப்படிண்ணே ரெண்டும் போச்சு?"

அவர் தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: "கம்பெனிதாம்பா ரெண்டு. பள்ளம் ஒண்ணுதான்."

இதைத்தான் 2015-இல் ராமகிருஷ்ணன் துரைராஜனும் அவர் குழுவினரும் அமெரிக்கா முழுமைக்கும் கணக்கெடுத்து எழுதினார்கள். பொதுப் பதிவுகளையும் நிறுவன வரைபடங்களையும் தேடித் தேடி ஒட்டி, நீண்டதூர ஃபைபர் எந்தெந்தக் குழாய் வழியாகப் போகிறது என்று வரைந்தார்கள். 542 குழாய்த்தடங்களில் ஏறத்தாழ 90 சதவீதத்தைக் குறைந்தது இரண்டு நிறுவனங்கள் பகிர்ந்துகொண்டன. 12 தடங்களில், ஆராயப்பட்ட 20 நிறுவனங்களில் 17-க்கும் மேற்பட்டவை ஒன்றாகக் கிடந்தன. அந்த ஆய்வைப் படித்தபோது எனக்கு லைன்மேனின் முகம்தான் நினைவுக்கு வந்தது. இந்தியாவுக்கு, குறைந்தது தமிழ்நாட்டுக்கு, இப்படி ஒரு வரைபடத்தை யாராவது வரைய வேண்டும். இதைப் படிக்கும் ஒருவர் வரைந்தால் மகிழ்வேன்.

வேலை எங்கே?

சென்னையில் கடலடிக் கேபிள்கள் கரையேறுவதால் தரவு மையங்கள் அம்பத்தூரிலும் சிறுசேரியிலும் வளர்ந்திருக்கின்றன. அம்பத்தூர் நம் ரயில் பாதையிலேயே இருக்கிறது. திருவாலங்காட்டில் ஏறினால் இறங்கும் தூரம். பெரும்பாலானோர் நாக் என்று அழைக்கப்படும் கண்காணிப்பு அறையில்தான் தொடங்குகிறார்கள். ஷிஃப்ட் வேலை, இரவுப் பணி உண்டு, முதல் சம்பளம் சுமார்தான். மென்பொருள் வேலைக்குப் போன நண்பரோடு ஒப்பிட்டு மனம் வருந்த வேண்டாம். முதல் இரண்டு வருடம் அந்த அறையில் ஒவ்வொரு 'லிங்க் டவுன்' நிகழ்வையும் தேதி, காரணம், திரும்பிய நேரம் என்று சொந்த நோட்டில் எழுதி வையுங்கள். நிறுவனத் தகவலை வெளியே கொண்டுபோகாதீர்கள், கற்றுக்கொண்டதை மட்டும் கொண்டுபோங்கள். அங்கிருந்து கோர் நெட்வொர்க் திட்டமிடல், பியரிங் ஒருங்கிணைப்பு, கிளவுட் நிறுவனங்களில் சேவை இடையறாமல் ஓடப் பார்த்துக்கொள்ளும் எஸ்.ஆர்.இ. பணி என்று வழிகள் பிரியும். வங்கிகளும் பங்குச் சந்தை நிறுவனங்களும் இதே கேள்விக்கு ஆள் தேடுகின்றன: எங்கள் இணைப்பு எங்கே உடையும்?

நம் ஊரை விட்டுப் போக முடியாதவர்களுக்கும் இடம் உண்டு. தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளை ஃபைபரால் இணைக்கும் திட்டம் டான்ஃபினெட் நிறுவனத்தின் கையில் இருக்கிறது. கேபிள் டிவியிலிருந்து பிராட்பேண்டுக்கு மாறிய உள்ளூர் நிறுவனங்களுக்கு வளையமாக ஃபைபர் போடத் தெரிந்த ஆள் தேவை. ஒரு முனையில் அறுந்தால் எதிர்த்திசையில் சுற்றி வரும் வளையம். சொந்த ஏ.எஸ். எண் வாங்க நினைக்கும் சிறு நிறுவனங்களுக்கு, நிக்ஸியின்கீழ் இயங்கும் ஐரின் பதிவகத்தில் விண்ணப்பிப்பதும் ஆர்.பி.கே.ஐ. பதிவு செய்து கொடுப்பதுமே தனி வருமானமாகும்.

துறையில் இருப்பவர்களைச் சந்திக்க இன்னாக், சானாக் என்ற வலையமைப்புப் பொறியாளர் கூட்டங்கள் நடக்கின்றன. உதவித்தொகைக்கு விண்ணப்பியுங்கள். ஆங்கிலம் சரளமாக வராவிட்டாலும் போங்கள். வரைபடத்தை மேசைமேல் விரித்தால் பேச்சு தானாக வரும்.

வேலைக்கு விண்ணப்பிக்கும்போது பத்துப் பக்க பயோடேட்டா வேண்டாம். இரண்டு பக்க அறிக்கை ஒன்று எழுதுங்கள். நம் மாவட்டத்தில் இணைப்பு தரும் ஐந்து நிறுவனங்களை எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றின் அப்ஸ்ட்ரீம்கள் யார், ஒரே அப்ஸ்ட்ரீமை நம்பியிருப்பது எது, எந்த முனையை நீக்கினால் எது துண்டாகிறது, எந்தத் தரவு, எந்தத் தேதி, இந்தத் தரவில் எது தெரியாது. இந்தக் கடைசி வரியை எழுதுகிறவர்கள் மிகக் குறைவு. ஆள் எடுக்க உட்கார்ந்த சமயங்களில் நான் முதலில் தேடியது அதைத்தான். இன்று மாலையே தொடங்கலாம். வீட்டிலிருந்து இந்தியாவில் இயங்கும் ஒரு தளத்துக்கு டிரேஸ்ரூட் ஓட்டிப் பாருங்கள். பாக்கெட் சென்னையோடு திரும்புகிறதா, மும்பை போகிறதா, சிங்கப்பூர் வரை போய் வருகிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு உங்கள் தெருக் கேபிள்காரரிடம் போய், அவர் ஃபைபர் எந்தச் சாலையோரம் போகிறது என்று கேளுங்கள்.

அந்தக் கிடங்குக்குப் பிறகு என்ன செய்தேன் என்று சொல்லவில்லையே. இரண்டு லைனில் ஒன்றை விட்டுவிட்டு, நெடுஞ்சாலையைத் தொடாமல் ரயில் பாதையோரமாக வரும் ஃபைபரை வாங்கினேன். மாதக் கட்டணம் கூடியது, மேலாளர் முகம் சுளித்தார். அடுத்த வருடம் அதே சாலையில் ஜே.சி.பி. மறுபடி வந்து, மறுபடி அறுத்தது. லைன்மேன் மறுபடி பள்ளத்தில் இறங்கினார். கிடங்கிலிருந்து அன்றைக்கு எனக்கு ஒரு போனும் வரவில்லை.